நெல் வயலில் சக்தியின் செலவும் சத்தின் சுழற்சியும்

காவிரிப் பாசனப் பிரதேசத்துக் குடியானவர்கள் தம் நிலத்தைப் பற்றிப் பேசுங்கால், "முன்போல் பூமிக்குப் பிடிப்பு இல்லை, மூட்டை மூட்டையாகப் போட்டாலும் பயிர் இன்னும் கேட்கிறது" என்று முறையிடுவதைக் கிராமங்களுக்குச் செல்வோர் கேட்டிருக்கலாம். இம்முறையீட்டில் உண்மை உண்டு. போட்ட உரம் எங்கே போயிற்று, போகாமல் தடுக்கத்தக்கது எவ்வளவு, தடுக்க முடியாதது எது என்பவற்றை அறிந்தாலன்றி இதற்குப் பரிகாரம் தேட இயலாது. ஆகவே, இக்கட்டுரையில் ஓர் ஏக்கர் நன்செயை எடுத்துக்கொண்டு, அதனுள் நடைபெறும் காரியங்களை வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதுபோல் பார்ப்போம்.

வயல் என்றால் மண்ணும் பயிரும் மட்டும் அல்ல. தேங்கி நிற்கும் நீர், அந்நீரில் மிதக்கும் பாசி, பாசியைத் தின்னும் நுண்ணிய பூச்சிகள், நத்தை, தவளை, சிலந்தி, வரப்பிலுள்ள எலி, எலியைத் தேடி வரும் பாம்பும் ஆந்தையும், சேற்றினுள் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் கோடிக்கணக்கான கிருமிகள், வைக்கோலைத் தின்னும் மாடு, மாட்டை வளர்க்கும் குடியானவர் ஆகிய யாவும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. இவ்வாறு உயிருள்ளனவும் உயிரற்றனவும் சேர்ந்த அமைப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி, அதற்கு ஒரு பெயரை 1935-ஆம் ஆண்டில் டான்ஸ்லி என்னும் ஆங்கிலத் தாவர சாஸ்திரி வழங்கினார். தமிழில் அதனைச் சூழல் தொகுதி என்கிறோம்.

இத்தொகுதியின் வழியே இரண்டு பொருள்கள் செல்கின்றன. ஒன்று சக்தி, மற்றொன்று சத்து. இவ்விரண்டும் ஒரே வைக்கோலில், ஒரே சாணத்தில், ஒரே தானியத்தில் கலந்திருப்பதால் பலர் இவற்றை ஒன்றென்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவற்றின் போக்கு வேறு. கிராமக் கணக்கில் நிலவரியையும் விதை இருப்பையும் ஒரே பத்தியில் எழுதினால் எவ்வளவு குழப்பம் நேருமோ, அவ்வளவு குழப்பம் இவற்றை ஒன்றாகக் கருதுவதாலும் நேருகிறது.

சூரிய சக்தியின் செலவு.— நாற்று நட்ட நாள் முதல் அறுவடை வரையில் ஓர் ஏக்கரின்மேல் விழும் வெய்யிலில், பயிர் தன் உடலாக மாற்றிச் சேமிப்பது நூற்றில் ஒரு பங்களவே. பல வயல்களில் அதற்கும் குறைவு. மற்றதெல்லாம் நீரையும் மண்ணையும் சூடாக்குவதிலும், நீரை ஆவியாக்குவதிலும் கழிகிறது. பயிர் சேமித்ததைப் பூச்சி தின்றால், தின்றதில் பெரும் பகுதி அப்பூச்சி ஓடவும் பறக்கவும் சுவாசிக்கவும் செலவாகி உஷ்ணமாய்ப் போய்விடுகிறது. பூச்சியைத் தின்னும் சிலந்திக்கும், சிலந்தியைத் தின்னும் தவளைக்கும் இதே கதிதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பர். இடத்துக்கு இடம் இது மாறும். அமெரிக்காவில் மின்னசோட்டா என்னும் பகுதியிலுள்ள சிறிய ஏரி ஒன்றில் இவ்வாறு படிப்படியாகக் கணக்கிட்டு 1942-இல் முதன்முதல் எழுதியவர் லிண்டமன் என்பவர். வயலில் தத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கிலும், தவளைகள் நூற்றுக்கணக்கிலும், ஆந்தை பல ஏக்கருக்கு ஒன்றுமாகக் காணப்படுவதன் காரணம் இதுவே.

உஷ்ணமாய்ப் போன சக்தியை மீட்க எவராலும் ஆகாது. மீட்க வேண்டிய அவசியமும் இல்லை. மறுநாட் காலையில் கதிரவன் மீண்டும் உதிக்கிறான்.

சத்தின் நிலை வேறு.— தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலியவை வானத்திலிருந்து தினந்தோறும் இறங்குவன அல்ல. வயலில் உள்ளவையே பயிரில் ஏறி, மாட்டின் வயிற்றில் இறங்கி, சாணமாக வெளிவந்து, கிருமிகளால் சிதைக்கப்பட்டு, மீண்டும் வேருக்கு எட்டும் நிலையை அடைய வேண்டும். இச்சுற்று எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் குடியானவருக்கு நஷ்டம்.

ஏக்கருக்கு 2,000 கிலோ நெல்லும் ஏறக்குறைய அதே எடை வைக்கோலும் காணும் வயலில், பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து சுமார் 35 கிலோ ஆகும். அதில் 20 கிலோவுக்கு மேல் நெல்லிலும் எஞ்சியது வைக்கோலிலும் இருக்கும். மணிச்சத்தில் பெரும் பாகம் நெல்லோடு போகிறது. சாம்பல் சத்தோ நேர் விரோதமாக, ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. தாளை நிமிர்ந்து நிற்கச் செய்யும் மணற்சத்தாகிய சிலிக்காவும் வைக்கோலில்தான் மிகுதி. நெல்லை விற்பவர் தம் வயலின் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் விற்கிறார். வைக்கோலையும் வண்டியேற்றிப் பிற ஜில்லாவுக்கு அனுப்புபவர் சாம்பல் சத்து முழுவதையுமே அனுப்பிவிடுகிறார். வைக்கோலுக்குக் கிடைக்கும் விலையில் இந்தச் சத்தின் விலையையும் கழித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அறுவடை இயந்திரம் வந்த பின்னர் வயலில் சிதறிக் கிடக்கும் தாளுக்குத் தீ வைப்பது சில இடங்களில் வழக்கமாகியுள்ளது. குறுவைக்கும் தாளடிக்கும் இடையே நாள் குறைவென்பது மெய்தான். குடியானவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆயினும் தீயில் நடப்பதை அறிந்திருத்தல் நலம். சாம்பல் சத்தில் பெரும் பகுதி சாம்பலில் தங்கும். ஆனால் தழைச்சத்து அநேகமாக முழுவதும், கந்தகச் சத்தில் பெரும் பகுதியும் புகையோடு போய்விடும். அன்றியும், மண்ணிலுள்ள கிருமிகளுக்கும் புழுக்களுக்கும் பல மாதத்துக்கு ஆகாரமாக வேண்டிய சக்தி, ஒரு நாழிகையில் எரிந்து தீர்கிறது. தாளைப் பரப்பி நீர் கட்டி உழுது, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டுப் பின் நடுவதே முறை. உடனே நட்டால் பயிர் மஞ்சளிக்கும். காரணம் யாதெனில், வைக்கோலில் சக்தி மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதைச் சிதைக்கும் கிருமிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பறித்துக்கொள்கின்றன. அவை மடிந்த பிறகே அது பயிருக்குத் திரும்பும். நாள் போதாதவர்கள் தாளைக் களத்து மூலையில் குவித்துச் சாணக் கரைசல் தெளித்து மட்கவிடலாம்.

கொட்டிலும் அடுப்பும்.— மாடு தின்ற தீவனத்திலுள்ள சத்தில் பெரும் பகுதி, உழைக்கும் எருதுகளிடத்தில் முக்கால் பங்குக்கு மேல், சாணமும் மூத்திரமுமாக வெளிவந்துவிடுகிறது. மாடு எடுத்துக்கொள்வது முக்கியமாகச் சக்தியையே. இவ்வாறு வெளிவரும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் அதனினும் மிகுதியும் மூத்திரத்தில் இருக்கின்றன. நம் கிராமங்களில் சாணத்தைக் கூடையில் வாரும் கை, மூத்திரத்தை வாய்க்கால் வழியே தெருவுக்கு விடுகிறது. கொட்டிலில் அரை அடி ஆழத்துக்கு உலர்ந்த மண்ணோ, கழித்த வைக்கோலோ பரப்பி, ஊறியதும் வாரி எருக்குழியில் சேர்த்து, புது மண் பரப்புவதற்குச் செலவு ஏதுமில்லை. குழியின்மேல் நிழலும், மேலே ஒரு பூச்சு மண்ணும் இருந்தால் அமோனியாவாக ஆவியாகிப் போவதும் குறையும்.

வறட்டி விஷயத்தில் சக்தியும் சத்தும் வேறென்பது நன்கு விளங்கும். அடுப்புக்கு வேண்டியது சக்தி. வயலுக்கு வேண்டியது சத்து. வறட்டியை எரிக்கும்போது சக்தியோடு தழைச்சத்தும் புகையாய்ப் போகிறது. சாம்பலில் மிஞ்சுவது மற்றச் சத்துக்கள் மட்டுமே. சாண எரிவாயுக் கலத்தில் அதே சாணத்தை இட்டால், கிருமிகள் அதிலுள்ள கரியைப் பிரித்து எரியும் வாயுவாக்கி அடுப்புக்குக் கொடுக்கின்றன. தழைச்சத்து கழிவுக் குழம்பிலேயே தங்கி வயலுக்கு வருகிறது. குழம்பை வெய்யிலில் காயவிடாமல் பாசன நீரோடு விட்டாலும், குப்பையில் கலந்து மூடினாலும் சேதம் குறைவு. ஒரே பொருளிலிருந்து அடுப்புக்கும் வயலுக்கும் அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுப்பதற்கு இதைவிட எளிய கருவி நமக்குத் தெரியாது.

சேற்றுக்குள் நடப்பது.— நீர் கட்டிய வயலின் மண் ஒரே தன்மையுடையதன்று. மேலே சில நூல்கனம் மட்டும் பிராணவாயு உள்ள மண். அதன் நிறம் பழுப்பு. அதன் கீழே பிராணவாயு அற்ற கருநீலச் சேறு. வயலில் இறங்கி நடந்தால் எழும் குமிழிகளில் மிகுதியாக இருப்பது மீத்தேன்; எரிவாயுக் கலத்தில் பிறப்பதும் இதே வாயுதான். ஆக, சேற்றில் புதைந்த தாளின் சக்தியில் ஒரு பாகம் இவ்வழியே வானத்துக்குப் போகிறது. நெற்பயிர் தன் தாளிலுள்ள துவாரங்கள் வழியாக வேருக்குக் காற்றைக் கொண்டுபோவதால்தான் இச்சேற்றில் வாழ முடிகிறது.

அமோனியா வடிவிலுள்ள தழைச்சத்து கருஞ்சேற்றில் பத்திரமாய் இருக்கும். அது மேல் மண்ணுக்கோ, காய்ந்த மண்ணுக்கோ வந்தால் நைட்ரேட்டாக மாறுகிறது. அந்த நைட்ரேட் மறுபடி சேற்றுக்குள் இறங்கினால், அங்குள்ள கிருமிகள் அதிலுள்ள பிராணவாயுவைத் தாம் எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வெறும் வாயுவாக ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. வயல் காய்வதும் நீர் கட்டுவதுமாக ஒழுங்கின்றி மாறி மாறி இருந்தால் இந்த நஷ்டம் மிகும். தண்ணீரைச் சிக்கனம் செய்யக் கருதிக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையைக் கைக்கொள்வோர், மேலுரம் இட்ட நாட்களையொட்டி அவ்வாறு செய்யாதிருக்க வேண்டும்.

யூரியாவை நின்ற நீரில் வீசிவிடுவது இதனினும் மோசம். பகலில் பாசி நீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால் நண்பகலில் அந்நீர் உவர்த்தன்மை அடைகிறது. அப்போது அமோனியா நீரில் தங்காமல் காற்றில் கலந்துவிடுகிறது. இவ்வாறு வீசிய யூரியாவில் பயிருக்குக் கிட்டுவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்களவே. நீரை வடித்து, ஈர மண்ணில் இட்டு, களை எடுக்கும் கருவியால் கலக்கிவிட்டு, பிறகு நீர் கட்டுவோர் இந்நஷ்டத்தில் ஒரு பெரும் பகுதியைத் தடுக்கின்றனர். வேலை அதிகம்தான், ஆனால் மூன்று மூட்டை வாங்கி இரண்டைக் காற்றுக்குக் கொடுப்பவர் வேலையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

செலவை மட்டும் சொல்லிவிட்டு வரவைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆயினும் பயிர் அதை நேரே தொட முடியாது. நெல் வயலின் நீலப்பச்சைப் பாசி அதைப் பிடித்துத் தருகிறது என்பதை 1939-இல் நிரூபித்தவர் பி. கே. டே என்னும் நம் நாட்டு அறிஞர். பாசியும் வேரையொட்டிய கிருமிகளும் சேர்ந்து ஒரு போகத்தில் ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ தழைச்சத்தைச் சேர்ப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். எருவே காணாத வயலும் வருஷந்தோறும் ஓரளவு விளைவதன் ரகசியம் இதில் உள்ளது. காவிரி வண்டலும் அக்காலத்தில் இதற்குத் துணை செய்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின்னர் அவ்வண்டலில் பெரும் பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. அசோலா என்னும் நீர்ப்பெரணியின் இலைக்குள்ளும் இத்தகைய நீலப்பச்சைப் பாசியே குடியிருக்கிறது. கவனிக்கத்தக்க ஒன்று: நீரில் யூரியா மிகுந்தால் இந்தப் பாசிகள் காற்றிலிருந்து பிடிக்கும் வேலையை நிறுத்திவிடுகின்றன.

எருவுக்கும் பூச்சிக்கும் உள்ள சம்பந்தம்.— இதுவரை கூறியவை பலருக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். இனிக் கூறப்போவது அவ்வளவு தெரிந்ததன்று. ஆதலால் சற்று விரித்துக் கூறுவோம்.

ஜாவாத் தீவின் நெல் வயல்களில் நடைபெற்று 1996-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நட்ட சில வாரங்களிலேயே வயலில் சிலந்தி முதலிய நன்மை செய்யும் பிராணிகள் திரளாக இருப்பது காணப்பட்டது. அச்சமயம் பயிரைத் தின்னும் பூச்சிகள் அநேகமாக இல்லை. அப்படியானால் அவை எதைத் தின்று பெருகின? நீரில் மட்கும் தாளையும் எருவையும் தின்னும் கிருமிகளும் சிறு உயிர்களும், அவற்றைத் தின்று வளரும் சிறு கொசு போன்ற பூச்சிகளுமே அவற்றுக்கு ஆரம்ப ஆகாரம். மட்கும் எரு மிகுந்த வயலில் இவ்வாகாரமும் மிகுந்தது. ஆகவே சிலந்திகளும் பெருகின. பின்னர் புகையான் முதலிய பூச்சிகள் வந்து சேரும்போது, அவற்றைப் பிடிக்கும் காவற்படை முன்னமே வயலில் காத்திருந்தது.

இதனால் தெரிவது என்னவெனில், வயலில் சக்தி செல்லும் வழி இரண்டு. பச்சைப் பயிரிலிருந்து பூச்சிக்குச் செல்வது ஒன்று. மட்கும் பொருளிலிருந்து கிருமிகள் வழியாகச் செல்வது மற்றொன்று. இரண்டாவது வழி அடைபட்டால், முதல் வழியில் வரும் பூச்சிகளைத் தடுக்க ஆளில்லை. தாளை எரித்தவரும் எருவை நிறுத்தியவரும் இரண்டாவது வழியை அடைக்கின்றனர். நட்ட உடனே முன்னெச்சரிக்கை என்று மருந்து தெளிப்பவரோ, காத்திருக்கும் காவலாளிகளையே கொன்றுவிடுகிறார். புகையானுக்கு ஒரு தலைமுறை வளர ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே போதும். தாளினுள் செருகிய அதன் முட்டைகள் மருந்துக்குத் தப்பும். சிலந்தி மெல்லப் பெருகுவது. அன்றியும், மேற்படியில் உள்ளதாதலால் தொகையிலும் குறைந்தது. ஆகவே மருந்துக்குப் பின் எழுவது புகையானே. இந்தோனேசியாவில் இவ்வாறு பயிர் கருகிக் கண்ட பின்னர், 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குத் தெளிக்கும் மருந்துகளில் 57 வகைகளைத் தடை செய்தது.

தவளைக்காலை அயல்நாட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தை நம் நாட்டு அரசு 1987-இல் நிறுத்தியதும் இக்கணக்கில் சேர்க்கத்தக்கதே. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது நல்ல பழக்கம். அத்துடன் வயல் நடுவே ஆறடிக் கம்பில் குறுக்குக் கட்டை கட்டி வைத்தால் ஆந்தை வந்து அமரும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மட்டும் அதைப் பிடுங்கிவிடுவது நலம். பகலில் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அது இருக்கையாகிவிடும்.

சம்பாவுக்கும் ஆற்றுநீருக்கும் இடையே.— தை மாசியில் அறுவடை முடிந்து, மேட்டூர் நீர் வரும் வரையில் வயல் சும்மா கிடக்கிறது. இக்காலத்தில் கோடை மழை பெய்தால் காய்ந்த மண்ணில் கிருமிகள் விழித்தெழுந்து நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. அதை எடுத்துக்கொள்ளப் பயிர் இல்லை. ஆற்றுநீர் வந்து வயல் நிரம்பியதும், மேலே கூறியபடி, சேர்ந்த நைட்ரேட் சில நாட்களில் வாயுவாகிப் போய்விடுகிறது. குடியானவர் கண்ணில் படாமலே நடைபெறும் இந்நஷ்டத்தைத் தடுக்க வயலில் ஏதேனும் ஒரு பயிர் நிற்க வேண்டும்.

அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன், நிற்கும் நெல்லினூடே மெழுகுபதத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ விதைக்கும் வழக்கம் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. இயந்திர அறுவடை செய்வோர் சக்கரத்தில் முளை நசுங்காதிருக்க நாலைந்து நாள் முன்பு விதைப்பதே பொருத்தம். ஆனால் பயறு விளைத்ததனாலேயே பூமிக்கு வளம் சேர்ந்துவிட்டது என்று மகிழ்வது தவறு. வேர் முடிச்சுகள் பிடித்த தழைச்சத்தில் பெரும் பகுதி பருப்போடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. கொடியையாவது மாட்டுக்குப் போட்டு, அந்த எருவை அதே வயலுக்குச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

பயறு எடுத்த பின் ஆட்டுக்கிடை போடுவோர், கிடை பெயர்ந்த அன்றைக்கே மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டிவிடுக. வெய்யிலில் விட்டுவைத்தால் கிடைக்குக் கொடுத்த கூலியில் பாதி ஆவியாகும். சித்திரை வைகாசி மழையிலோ, ஆற்றுநீர் வந்ததுமோ ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள் வளர்த்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் 25 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்து கிடைக்கக்கூடும். தண்டிலும் முடிச்சு விடும் மணிலா அகத்தி, நீர் நிற்கும் பள்ளமான வயலுக்கு ஏற்றது. இத்தழை இளசாதலால் வைக்கோலைப் போல் மண்ணிலிருந்து கடன் வாங்காது. ஒரு வாரத்தில் நடவு செய்யலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு சொல். வயலிலிருந்து மழைநீரோடு கரைந்து போகும் சத்தில் ஒரு பாகம் ஏரி குளங்களின் வண்டலில் படிந்திருக்கிறது. கோடையில் குளம் வற்றியதும், உரிய அனுமதியோடு வண்டலை எடுக்க விரும்பும் சிறு நிலக்காரர்களுக்கு முதலில் முறை வைத்துக் கொடுத்தால், செங்கல் சூளைக்குப் போவது வயலுக்குத் திரும்பும். வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் உள்ள புங்கு, பூவரசு, வேம்பு மரங்களை ஏலம் விடும்போது, தழை கழித்துக்கொள்ளும் உரிமையை அவ்வூர்க் குடியானவர்களுக்கு நிறுத்தி வைத்தல் நன்று.

தக்கைப்பூண்டு விதை தேவைப்படும் மாதத்தில் எங்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை ஏறிவிடுகிறது. ஒவ்வொருவரும் தம் வயலின் வரப்போரத்தில் ஒரு வரிசைச் செடியை மடக்காமல் நிறுத்தி, காய் முற்றியதும் வெடிப்பதற்கு முன் காலை வேளையில் அறுத்து, உலர்த்தி, வேப்பிலையோடு பானையில் கட்டி வைத்தால் அடுத்த வருஷத்து விதைக்குப் பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.